இணைப்பில்லாத குரல்

மேகலாவின் குரல் அன்று காலை மூன்றாவது முறையாக அறுந்தது. இட்லித் தட்டைக் கணவன் முன்னால் வைத்து, "உங்க மாத்திரையை" என்று தொடங்கியவள் அப்படியே நின்றாள். அவள் வாய் அசையவில்லை. பேச்சுக்காக அது அசைந்து ஆறு வருடம் ஆகிறது. பேசுவதெல்லாம் கழுத்தெலும்புக்குக் கீழே தொங்கும் சோப்புப்பெட்டி அளவுக் கருவிதான். அதன் பச்சை விளக்கு இரண்டு தரம் துடித்து அணைந்தது.

சிவநேசன் இட்லியைத் தொடாமல் எழுந்தார். மத்தியானம் மருத்துவமனையில் கமிட்டி. மேகலா அவருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறாள். தருவது அவள் சொந்த விருப்பம்தான் என்று கமிட்டி முன் அவள் குரலிலேயே சொல்ல வேண்டும். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி அவருடைய இடதுகை நரம்பு கயிறாய்ப் புடைத்திருந்தது. அந்த நரம்பு இன்னும் வெகுநாள் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த நாளை விட்டால் அடுத்த கமிட்டி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஆட்டோ பிடித்து காந்திபுரம் வந்தார்கள். இந்த மாதிரி பேச்சுக் கருவிகளைப் பார்க்க கோயம்புத்தூரில் ஷகிலா பானுவின் சர்வீஸ் சென்டர் ஒன்றுதான் இருந்தது. கருவியைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிற்று.

ஷகிலா மூடியைக் கழற்றியதுமே முகத்தைச் சுளித்தாள்.

"பேட்டரி கசிஞ்சிருக்குதுங்ணா. பாருங்க, போர்டு பூரா பச்சை பூத்துப் போச்சு. இதைச் சரி பண்ண முடியாது. வேற போர்டுதான் மாத்தோணும்."

"அப்ப சிப்பு?"

"சிப்பு நல்லாத்தான் இருக்குது. அதைக் கழட்டிப் புது போர்டுல வெக்கோணும்."

"புதுசா ஒரு சிப்பே போட்டுறலாமுங்களே. வேலை சுருக்கா முடியுமில்லீங்க?"

ஷகிலா மேகலாவைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "புது சிப்புக்கு அக்காவை யாருன்னே தெரியாதுங்ணா. அவங்க மூளையில என்ன ஓடுனா என்ன வார்த்தைன்னு இந்தச் சிப்பு ஆறு வருஷமாக் கத்துக்கிட்டிருக்குது. கத்துக்கிட்டது அதுக்குள்ளயே ஊறிப்போயிருக்கும். நகல் எடுக்க வழியில்ல. இது போச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

மேகலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவள். இரும்பு வார்ப்பு வந்தால் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, ஆகாது என்று தள்ளி வைப்பதுதான் வேலை. தள்ளினால் தள்ளினதுதான், முதலாளியே வந்து நின்றாலும் மாற்ற மாட்டாள். அவிநாசி ரோட்டில் லாரி இடித்து ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மூளையில் சொல் பிறக்கிற இடம் சிதைந்தது. கேட்பதெல்லாம் புரியும், நினைப்பெல்லாம் தெளிவாக இருக்கும், ஆனால் நினைப்பு வார்த்தையாகிற வழி மட்டும் அடைபட்டுவிட்டது. வாயாலும் வராது, எழுதவும் வராது. கழுத்தில் ஒரு நடுக்கமும் தங்கிவிட்டதால் தலை எந்நேரமும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அவள் ஆமென்கிறாளா இல்லையென்கிறாளா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. காதுக்குப் பின்னாலிருந்து வரும் மெல்லிய வயரும் அந்தச் சிப்பும்தான் அவளுக்கு மிச்சமிருந்த வழி.

ஷகிலா அந்த வயரை மெதுவாக உருவினாள். பேட்டரியை எடுத்துவிட்டு, போர்டில் தங்கியிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று காத்திருந்தாள். வெளியே ஆடிக் காற்று ஷட்டரைப் பிடித்து உலுக்கியது. சிவநேசனால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். செல்போனை எடுத்துப் பார்த்தார், பைக்குள் போட்டார், மறுபடி எடுத்தார்.

"ஆச்சுங்களா? எதுக்குங்க சும்மா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? இந்தா, இப்படி நெம்புனா வந்துரப்போகுது..." என்று போர்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

கத்தியது ஷகிலாதான். சிவநேசன் கையை இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்ணா. நீங்க போட்டிருக்கறது பாலியெஸ்டர் சட்டை. இந்தக் காத்துல, இப்படி நடந்துக்கிட்டே இருந்தா உங்க உடம்புல மின்சாரம் சேர்ந்திருக்கும். உங்க விரல்ல இருந்து அது சிப்புக்குப் பாஞ்சா உங்களுக்குச் சுருக்குனுகூட இருக்காது. அதுக்கு இடி விழுந்த மாதிரி. வெளிய பார்த்தா ஒண்ணுமே ஆகாத மாதிரிதான் இருக்கும். உள்ள ஆறு வருஷமும் கருகிப்போயிருக்கும்."

அவர் சுவரோரம் போய் நின்றார்.

ஷகிலா மணிக்கட்டில் உடம்பு மின்சாரத்தை வடிக்கும் பட்டையைக் கட்டி, அதன் வயரைத் தரையிணைப்பில் மாட்டினாள். போர்டைக் கறுப்பு ரப்பர் விரிப்பின் மேல் வைத்தாள். சாக்கெட்டில் இருபுறமும் கால் ஊன்றிய மரவட்டை போல உட்கார்ந்திருந்தது சிப். கழற்றுகிற இடுக்கியின் நுனியை அடியில் நுழைத்து ஒரு முனையை ஒரு இழை உயர்த்தினாள். பிறகு எதிர் முனையை. மறுபடி இந்த முனை. ஒரே பக்கமாக நெம்பினால் மறுபக்கத்துக் கால்கள் மடங்கிவிடும். கடைசியில் அது சிறு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

தூக்கிப் பார்த்தவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். பேட்டரி நீர் பட்ட மூலையில் ஒரு கால் உள்பக்கமாக வளைந்திருந்தது.

"என்னாச்சுங்க?"

"ஒரு கால் வளைஞ்சிருக்குது. நிமித்திருவேன். ஆனா இனி இன்னொருக்காக் கழட்ட முடியாதுங்ணா. அந்தக் கால் ஒடிஞ்சு கையோட வந்துரும். இப்ப வெக்கறதுதான் கடைசி."

பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, மெல்லிய இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலை நேராக்கினாள். சிப்பின் தலையிலிருந்த அரைவட்ட வெட்டையும் புதுச் சாக்கெட்டில் அச்சிட்டிருந்த வெட்டையும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். திருப்பி வைத்து மின்சாரம் கொடுத்தால் அதோடு முடிந்தது. கால்கள் எல்லாம் துளைகளின் மேல் நிற்கின்றனவா என்று இரு பக்கமும் குனிந்து பார்த்த பிறகு, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்தினாள். சிப் இறங்கியது.

பேட்டரியை மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. சிவநேசன் கைகூப்பினார்.

"கொஞ்ச நேரம் இப்படியே ஓடட்டும்ங்ணா. நல்லா இருக்குதான்னு பாத்துட்டு அக்காவுக்கு மாட்டலாம்" என்று ஷகிலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள்.

சிவநேசனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மனைவியின் பக்கம் திரும்பினார். "பயந்தே போயிட்டேன் போ. மேகலா, காலைல இருந்து நீ ஒண்ணுமே சாப்பிடல. ஒரு டீ சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க. பரவாயில்லைங்க" என்றது குரல்.

"அட, கமிட்டில எவ்வளவு நேரம் ஆகுமோ..."

அவர் பாதியில் நிறுத்தினார். குரல் மேசையிலிருந்து வந்திருந்தது. மேகலாவின் காதோரத்து வயர் அவள் மடியில் சுருண்டு கிடந்தது. அதன் நுனி எதிலும் மாட்டியிருக்கவில்லை.

ஷகிலா முகம் துடைத்த துணியோடு அப்படியே நின்றாள். எத்தனையோ சிப்புகளை இதே மேசையில் மாற்றியிருக்கிறாள். ஓடவிட்டு விளக்கை மட்டும் பார்ப்பாள். அந்த நேரத்தில் யாரும் எதையும் கேட்டதில்லை.

"அது எப்புடிங்க பேசுது?" என்றார் சிவநேசன்.

"போர்டுல ஒரு குட்டி மைக் இருக்குதுங்ணா. எதுத்தாப்புல இருக்கறவங்க என்ன கேக்கறாங்கன்னு தெரிஞ்சா, பதிலை ஊகிக்கச் சிப்புக்குச் சுலபம்னு வெச்சது. மூளையில இருந்து வர்றது தெளிவா இல்லைன்னா, வழக்கமா என்ன சொல்வாங்களோ அதைப் போட்டு நிரப்பும். ஆனா ஒண்ணுமே வராதப்பகூட..." அவள் தயங்கிவிட்டு, மேசைப் பக்கம் குனிந்தாள். "அக்கா, உங்களுக்கு இந்த ஆபரேஷன்ல சம்மதங்களா?"

"சரிங்க. சம்மதமுங்க. அவரு சொன்னாச் சரிங்க."

"ஊரை விட்டுப் போயிரலாமா?"

"சரிங்க. பரவாயில்லைங்க."

"கையை வெட்டிக் குடுக்கறீங்களா?"

"சரிங்க."

சடார் என்று ஒரு சத்தம். மேகலா உள்ளங்கையால் மேசையை அறைந்திருந்தாள். மறுபடி அறைந்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் அது அழுகை மாதிரி இல்லை. அவள் அந்தப் போர்டைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், திரும்பவும் போர்டைக் காட்டி அறைந்தாள்.

"அக்காவுக்கு இது முன்னயே தெரியும்" என்றாள் ஷகிலா மெதுவாக. "தெரிஞ்சு என்ன பண்றது? சிப்பு பொய் சொல்லுதுன்னு சொல்றதுக்கும் இந்தச் சிப்புதானே வேணும்."

சிவநேசன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மில்லில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் வேலை. விபத்துக்குப் பிறகு மனைவியைக் குளிப்பாட்டினார், தலை வாரிவிட்டார். அவள் கோபமெல்லாம் போய்ச் சாந்தமாகிவிட்டாள் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டபோது சரிங்க என்றாள். பீளமேட்டு வீட்டைக் காலி செய்து அவர் அண்ணன் வீட்டு மாடிக்குப் போகலாமா என்றபோதும் சரிங்க. குழந்தைக்கு இனி முயற்சி வேண்டாம் என்றபோதும் பரவாயில்லைங்க. அப்போதெல்லாம் அவள் தலை ஆடியது. நடுக்கம் என்று நினைத்தார்.

"அப்ப ஆறு வருஷமா நான் யாருகூடப் பேசிட்டு இருந்தனுங்க?" என்றார்.

கேட்டதற்குப் பதில் வராமல் போனால் குடும்பத்தார் கருவி ஓடவில்லை என்று திருப்பிக் கொண்டுவருவார்களாம். அதனால் கம்பெனி இப்படி வைத்தது என்றாள் ஷகிலா.

"இதை நிறுத்த முடியுமுங்களா?"

"முடியும். பழைய போர்டுல வழியில்ல. இந்தப் போர்டுல இருக்குது." போர்டின் ஓரத்தில் நின்ற இரண்டு ஊசிகளையும் அவற்றைக் கோத்திருந்த பொடி மூடியையும் காட்டினாள். "இதை உருவிட்டா, உறுதியாத் தெரிஞ்சாத்தான் பேசும். தெரியலைன்னா பேசாது. ஆனா ஒண்ணுங்ணா. இத்தனை வருஷமும் சிப்பு நிரப்பி நிரப்பித்தான் பேசியிருக்குது. அக்காவோட நிஜமான பேச்சை அது எவ்வளவு கத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. உருவுனா, இன்னைக்கு ஒரு வார்த்தைகூட வராமப் போகலாம்."

சிவநேசன் தன் இடது கையைப் பார்த்தார். புடைத்த நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

"கமிட்டி முடிஞ்சு பண்ணக்கூடாதுங்களா?" என்றார். கேட்டபிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

ஷகிலா இடுக்கியைக் கையில் எடுத்தாள். உருவினால் இந்த மனிதர் செத்துப்போகலாம். உருவாமல் மாட்டி அனுப்பினால், யாரும் சொல்லாத ஒரு சம்மதத்தை நம்பி இந்தப் பெண்ணின் வயிற்றைக் கிழிப்பார்கள். போர்டை மேகலாவின் பக்கம் நகர்த்தினாள். பேட்டரியை எடுத்துவிட்டு, தன் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி அவள் கையில் கட்டினாள். இடுக்கியை நீட்டினாள்.

மேகலா யோசிக்கவில்லை. வார்ப்புகளைத் தடவிப் பழகிய விரல்கள். ஒரே இழுப்பில் அந்த மூடி வந்துவிட்டது.

ஷகிலா பேட்டரியையும் வயரையும் மாட்டியபோது பச்சை விளக்கு எரிந்தது. சத்தமில்லை.

"மேகலா?" என்றார் சிவநேசன். "நான் பேசறது கேக்குதா? கேக்குதுன்னு சொல்லு கண்ணு. ஆமான்னு..."

"சொல்லிக்குடுக்காதீங்ணா."

காத்திருந்தார்கள். காற்று ஷட்டரை உலுக்கியது. பக்கத்துக் கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது. சிவநேசன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மேகலாவின் நெற்றி வியர்த்தது.

"டீ" என்றது குரல்.

இருவரும் அசையாமல் நின்றார்கள்.

"சக்கரை... நெறையா."

ஷகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிவநேசன் டீக்கடைக்கு ஓடினார்.

*

கமிட்டிக்கு ஷகிலாவும் போனாள். நடந்ததை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவமனையின் உறுப்புதான ஒருங்கிணைப்பாளர் ஹெலன் முழுவதையும் கேட்டுவிட்டு, "இத இன்னைக்குத் தள்ளி வெச்சரலாங்களே" என்றாள். மேகலா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். கேமரா ஓடியது. நடுவில் இருந்த பெண் டாக்டர் கேட்டார்.

"உங்க கணவருக்கு உங்க சிறுநீரகத்தைத் தர்றதா சொல்லியிருக்கீங்க. அது உங்க விருப்பமா?"

ஏ.சி. இரைந்தது. டாக்டர்களில் ஒருவர் பேனாவைத் தட்ட ஆரம்பித்தார். சிவநேசன் தன் வாயைத் தானே கையால் மூடிக்கொண்டிருந்தார். சொல்லிக் கொடுத்துவிடுவோமோ என்று அவருக்குப் பயம். ஷகிலா மனசுக்குள், வேண்டாம்னு சொல்லுங்கக்கா, பயப்படாதீங்க, என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேகலா சொல்லாத சம்மதங்களை எல்லாம் இந்த மனிதர் இத்தனை வருஷமும் வாங்கிக்கொண்டவர் என்று ஷகிலாவுக்கு அந்தக் காலையில் பட்டிருந்தது.

"தர்றேன்" என்றது குரல்.

ஷகிலா திடுக்கிட்டாள்.

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல."

"சிப் தானாகப் பேசியிருக்குன்னு சொல்றாங்க. இப்ப பேசறது நீங்கதானா?"

மேகலா நிமிர்ந்தாள். வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"நான்தான். முன்னயும்... கேட்டப்ப... தர்றேன்னுதான்... நெனச்சேன். சிப்பு... முந்திக்கிச்சு."

பெண் டாக்டர் புன்னகைத்தார். பேனா தட்டியவர் கையெழுத்துப் போடக் காகிதத்தை இழுத்தார். சிவநேசன் விசும்பி அழுதார். எழுந்து மனைவியின் தோளைத் தொட வந்தார்.

"இன்னும்... முடிக்கல" என்றது குரல்.

எல்லோரும் நின்றார்கள்.

"ஆபரேஷன்... முடிஞ்சு... நான்... உங்கண்ணன் வீட்டுக்கு... வரல. உங்ககூடவும்... வரல."

சிவநேசனின் கை அவள் தோளுக்கு மேலே காற்றில் நின்றது.

"அப்புறம் எதுக்கு..." என்று தொடங்கினார். "என் மேல இவ்வளவு கோவம் இருந்தா, எதுக்கு மேகலா குடுக்கற?"

"நீங்க... சாகக் கூடாது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அது வேற. இது வேற."

பெண் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டாவது விஷயம் கமிட்டியின் அதிகாரத்தில் வராது என்று பேனாக்காரர் முணுமுணுத்தார்.

*

அன்று சாயங்காலம் ஷகிலாவால் கடையில் உட்கார முடியவில்லை. தான் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டோமா, ஒரு பெண்ணை விடுவித்தோமா என்று மாறி மாறித் தோன்றியது. கடைசியில் கம்ப்யூட்டரைத் திறந்து, இதே சிப் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

முதலில் எடுத்தவர் பொள்ளாச்சிக்காரர். பக்கவாதம் வந்த அப்பாவுக்காகக் கருவி வாங்கியவர். ஷகிலா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"எங்கப்பாவுக்கு அதெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லீங்க. முன்னெல்லாம் எதுக்கெடுத்தாலும் சண்டைதான். இப்ப ரொம்ப சாது. எது சொன்னாலும் சரிங்கறாரு."

"அதுதாங்க நான் சொல்றேன். அது அவரு சொல்றதா இல்லாம இருக்கலாம். இலவசமாவே மாத்தித் தர்றேன், கூட்டிட்டு வாங்க."

"வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும்" என்றார் அவர். போனை வைத்துவிட்டார்.

ஷகிலா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

*

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மேகலாவின் பழைய கம்பெனித் தோழி ஒருத்தி தினமும் வந்து பார்த்துக்கொண்டாள். கணபதி பகுதியில் அவளோடு தங்குவது என்று ஏற்பாடாகியிருந்தது. வார்ப்புகளைத் தட்டிப் பார்க்கத் தலை ஆடினால் என்ன, பேச்சு மெதுவாக வந்தால் என்ன என்று சொல்லிக் கம்பெனியில் பழைய வேலையையே திரும்பத் தந்துவிட்டார்களாம்.

நடக்கலாம் என்று டாக்டர்கள் அனுமதித்த நாளில் சிவநேசன் முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அவள் அறைக்கு வந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. கட்டிலருகே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பழக்கத்தில் அதை நோக்கிப் போனவர் நின்றார்.

"மேகலா, கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவியின் பச்சை விளக்கு எரிந்தது. குரல் வரவில்லை. அவருக்குத் தையல் வலித்தது. நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்து, "உக்காருங்கண்ணா, எதுக்கு நிக்கறீங்க?" என்றாள். அவர் வேண்டாம் என்று கையாட்டினார். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர் இதுவரை நின்றதே இல்லை.

வெகுநேரம் கழித்து அவள் திரும்பினாள்.

"அஞ்சு நிமிஷம்" என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.